ரயிலா, வாடகைக் காரா?

கனடாவிலிருந்து சித்தி குடும்பம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, தினமும் கார் பிடிப்பதா, ரயிலில் போவதா என்று வீட்டில் ஒரே கதை. நான் ஊர் ஊராகப் பிரித்துப் பார்த்தேன்.

அநுராதபுரத்துக்கு ரயில்தான். காலையில் ஏறினால் ஆனையிறவுக் கடனீரேரியை ஜன்னலோரம் பார்த்துக்கொண்டே போகலாம். ஒற்றைத் தண்டவாளம், எதிர் ரயிலுக்காக நிற்கவேண்டி வரும். அதனால் திரும்பும் ரயிலின் நேரத்தை முதலே கேட்டுவைத்தேன். மாவிட்டபுரம் கோயிலுக்கும் காங்கேசன்துறை ரயில் போதும். அங்கிருந்து கீரிமலைக்கு ஓட்டோ.

நயினாதீவுக்குக் கார் எடுப்பது வீண் செலவு. குறிகாட்டுவானில் இறங்கிப் படகில்தான் போகவேண்டும். நாங்கள் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, நாகவிகாரையும் பார்த்து வரும்வரை கார் இறங்குதுறையில் சும்மா வெயில் காயும். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் அந்த இறங்குதுறைவரை போகிறதே!

சரி, கார் எதற்கு? வல்லிபுரம், பருத்தித்துறை, வல்வெட்டித்துறைப் பக்கம் தண்டவாளமே இல்லை. காரைநகர் கசூரினா கடற்கரைக்கும் அப்படித்தான். அந்த இரண்டு திசைக்கு மட்டும் டிரைவரோடு கார் பேசினேன். எரிபொருளும் காத்திருக்கும் நேரமும் வாடகைக்குள் அடங்குமா என்று ஏறுமுன்னரே கேட்டு முடித்துவிடுங்கள்.