வாக்கி டாக்கி புரோகிராமிங்: படிக்காமல் எழுதினால் போச்சு

சேனல் மாற்ற வேண்டும், டீலர் போனை எடுக்கவில்லை, சரி நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று ஆன்லைனில் ஒரு கேபிளை வாங்கி லேப்டாப்பில் செருகுகிறோம். தொழில்முறை வாக்கி டாக்கிகளில் நான் பார்த்த சிக்கல்களில் பாதிக்கு மேல் இங்கேதான் ஆரம்பிக்கும். செட் நன்றாகத்தான் இருக்கும், நாம் எடுத்த கேபிளோ சாஃப்ட்வேரோ ஃபைலோ ஒத்துப்போகாது. (செட்டில் இருக்கும் அமைப்புகளைக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஃபைலாக எடுப்பதுதான் "படிப்பது", ஃபைலை செட்டுக்குள் ஏற்றுவதுதான் "எழுதுவது".)

முதலில் மாடல் நம்பர். முகப்பில் பெரிதாக எழுதியிருப்பது வெறும் பெயர்தான். முழு மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் பேட்டரியைக் கழற்றினால் உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். இந்த வித்தியாசம் முக்கியம். மோட்டோரோலாவின் எக்ஸ்பிஆர் 7550 என்ற ஒரே பெயரில் 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை போகும் விஎச்எஃப் செட்டும் உண்டு, 403 முதல் 512 வரை போகும் யுஎச்எஃப் செட்டும் உண்டு. முழு மாடல் நம்பரில் ஓர் எழுத்துதான் மாறும்: ஒன்றில் ஜே, இன்னொன்றில் ஆர். பெயரை மட்டும் நம்பி செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டு, "சாஃப்ட்வேர் என் அலைவரிசையை ஏற்க மாட்டேன் என்கிறது" என்று கம்பெனிக்கு மெயில் போடுபவர்கள் நிறைய. சாஃப்ட்வேர் சரியாகத்தான் சொல்கிறது, அந்த செட் அங்கே வேலை செய்யாது.

அடுத்தது கேபிள். மலிவான யுஎஸ்பி கேபிள்கள் பலவற்றின் உள்ளே போலி சிப் இருக்கும். இந்த மாதிரி சிப் செய்யும் ப்ரோலிஃபிக் கம்பெனியின் புது டிரைவர் (சிப்பைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கும் சாஃப்ட்வேர்) பழைய சிப்பையும் போலியையும் ஏற்காது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் முக்கோணமும் "கோட் 10" என்ற பிழையும் தெரியும். 2014 அக்டோபரில் இன்னும் பெரிய கூத்து நடந்தது: இன்னொரு சிப் கம்பெனியான எஃப்டிடிஐயின் டிரைவர் விண்டோஸ் அப்டேட் வழியாக வந்து, போலி சிப்புகளின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கிவிட்டது. நேற்று வரை ஓடிய கேபிளைக் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவே இல்லை. அதனால் "செட்டைப் படிக்க முடியவில்லை" என்று வந்தால் உடனே செட்டைக் குறை சொல்லாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் கேபிளுக்குக் கொடுத்த காம் போர்ட் எண் என்ன, சாஃப்ட்வேரில் நீங்கள் தேர்ந்தெடுத்த எண் என்ன, இரண்டும் ஒன்றா என்று பாருங்கள். அப்புறம் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிளக்கை முழுசாக அழுத்தாமல் விட்டாலும் இதே பிழைதான் வரும், சிரிக்க வேண்டாம், எனக்கே நடந்திருக்கிறது.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். செட்டில் இருப்பதைப் படித்து, சேமித்து வைத்துவிட்டு, அப்புறம்தான் எதையும் எழுத வேண்டும். நான் ஒரு முறை இதை விட்டுவிட்டேன். அவசரத்தில் காலி ஃபைல் ஒன்றைத் திறந்து நான்கு சேனல் மட்டும் போட்டு எழுதினேன். அந்த செட்டில் ரிப்பீட்டருக்கான (சிக்னலை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையம்) அமைப்பு, பட்டன்களுக்குக் கொடுத்திருந்த வேலைகள், அவசர அழைப்பு எல்லாம் போயே போச்சு. அந்த ஃபைலின் நகல் யாரிடமும் இல்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு செட்டைப் படித்து, ஒவ்வொரு திரையாக ஒப்பிட்டுச் சரிசெய்ய ஒரு நாள் முழுக்க ஆனது. அன்றிலிருந்து படித்த ஃபைலுக்கு சீரியல் நம்பரையும் தேதியையும் பெயராக வைக்கிறேன். "புதுசு", "கடைசி", "உண்மையான கடைசி" என்று பெயர் வைத்தால் ஆறு மாதம் கழித்து நமக்கே புரியாது.

இதோடு ஒட்டிய தவறு, ஒரு செட்டின் ஃபைலை அப்படியே எல்லா செட்டுக்கும் போடுவது. அனலாக்கில் இது பெரும்பாலும் ஓடிவிடும். டிஎம்ஆர் மாதிரி டிஜிட்டல் ரேடியோ முறையில் ஒவ்வொரு செட்டுக்கும் தனி ரேடியோ ஐடி இருக்க வேண்டும். அதை மாற்றாமல் இருபது செட்டிலும் ஒரே ஃபைலைப் போட்டால் யார் பேசினாலும் திரையில் ஒரே எண் தெரியும், தனி அழைப்பு குழம்பும், யாராவது ஆபத்தில் அவசர பட்டனை அழுத்தினால் அழுத்தியது யார் என்றே தெரியாது. அதேபோல, அலைவரிசை சரியாக இருந்தும் சத்தம் வரவில்லை என்றால் டிஎம்ஆரில் கலர் கோட் (ஒரே அலைவரிசையில் நம் அமைப்பைப் பிரித்துக் காட்டும் எண், 0 முதல் 15 வரை), டைம் ஸ்லாட் (ஒரே அலைவரிசையை நேரத்தால் பிரித்த இரண்டு பங்கு, 1 அல்லது 2), குரூப் எண் மூன்றையும் ஒப்பிடுங்கள். இதில் ஒன்று மாறினாலும் செட் ஊமையாகத்தான் இருக்கும்.

சாஃப்ட்வேரை எங்கிருந்து எடுப்பது? சில கம்பெனிகள் இலவசமாகக் கொடுக்கும், சிலர் காசுக்கு விற்பார்கள், சிலர் டீலர் வழியாக மட்டும். யாரோ பகிர்ந்த கிராக் காப்பியில் வைரஸ் பயம் ஒரு பக்கம், பதிப்புக் குழப்பம் இன்னொரு பக்கம். புதுப் பதிப்பில் திறந்து எழுதிய ஃபைலைப் பழைய பதிப்பு பல நேரம் திறக்காது, செட்டுக்குள்ளேயே ஓடும் சாஃப்ட்வேரான ஃபர்ம்வேரைப் புதுசாக ஏற்றிவிட்டால் பழையதற்குத் திரும்ப பெரும்பாலும் வழியில்லை. இலவச சிர்ப் சாஃப்ட்வேர் அமெச்சூர் (ஹாம்) செட்டுகளுக்கு அருமையானது, ஆனால் மோட்டோரோலாவின் டிஜிட்டல் வரிசையான மோட்டோடர்போ செட்டை அதில் திறக்க முடியாது. ரொம்பப் பழைய செட் என்றால், விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் சாஃப்ட்வேர்தான். அதை வேகமான புதுக் கம்ப்யூட்டரில் ஓட்டினால் நேரக்கணக்கு தப்பி, எழுதும்போது செட்டே கெட்டுப்போகலாம்.

காசு கொடுத்து வாங்கும் கூடுதல் வசதிகள் பலவும் சீரியல் நம்பரோடு கட்டப்பட்டவை. ஒரு இலக்கம் மாற்றிக் கொடுத்தால் லைசென்ஸ் வேறு செட்டுக்குப் போய்விடும், திரும்ப வாங்குவது பெரும்பாடு. செகண்ட் ஹேண்ட் செட் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: படிக்கக் கடவுச்சொல் போட்டிருக்கிறதா? பணம் கொடுக்கும் முன்னாலேயே, விற்பவர் கண்ணெதிரே ஒரு முறை படித்துப் பார்த்துவிடுங்கள்.

கம்பெனி உதவிக்கு எழுதும்போது "செட் வேலை செய்யவில்லை" என்று மட்டும் எழுதினால், பதிலுக்கு நான்கு கேள்விதான் வரும், அதில் இரண்டு நாள் போய்விடும். முழு மாடல் நம்பர், சீரியல் நம்பர், ஃபர்ம்வேர் பதிப்பு, சாஃப்ட்வேர் பதிப்பு, விண்டோஸ் எது, பிழைச் செய்தியின் படம், இவற்றை முதல் மெயிலிலேயே போடுங்கள். பேட்டரியைக் கழற்றி அந்த லேபிளைப் போனில் ஒரு போட்டோ எடுத்து இணைத்தால் பாதி வேலை அங்கேயே முடியும்.