வீட்டு ஓவனில் பார்பிக்யூ பன்றி விலா: சவ்வு உரிப்பது முதல் சாஸ் பூசுவது வரை

பார்பிக்யூ என்றாலே கரியும் விறகும் வேண்டும் என்று நினைத்துப் பலர் இதைத் தொடவே தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். விலாவை மென்மையாக்குவது குறைந்த சூடும் நீண்ட நேரமும்தான். இரண்டையும் ஓவன் மிகச் சீராகத் தரும். விறகுப் புகையின் மணம் மட்டும் அதில் வராது. அதைப் புகையூட்டிய பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்) தூளைக் கொண்டு ஓரளவு ஈடுகட்டலாம்.

அடுப்பை மூட்டுவதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். விலாப் பகுதியில் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுப் புரதம் அதிகம். அது இளகி ஜெலட்டினாக மாறினால்தான் கறி மெத்தென்று இருக்கும். கறியின் உட்சூடு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகே அந்த மாற்றம் வேகம் பிடிக்கும்; 90 முதல் 95 டிகிரிக்குள் பக்குவம் வந்துவிடும். முழுத் துண்டாகச் சமைக்கும் பன்றி இறைச்சி 63 டிகிரியை எட்டி, 3 நிமிடம் ஆறினால் உண்ணப் பாதுகாப்பானது என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் கணக்கு. அந்தச் சூட்டில் விலாவை எடுத்தால் ஆபத்தில்லை, ஆனால் மென்று முடியாது.

எந்த விலா?

முதுகெலும்பை ஒட்டிய பேபி பேக் விலா சிறியது, கொழுப்புக் குறைந்தது, சீக்கிரம் வேகும். முதல் முறை செய்பவர்கள் இதையே வாங்கலாம். வயிற்றுப் பக்கமுள்ள ஸ்பேர் விலாவில் கொழுப்பும் சுவையும் கூடுதல். அதன் குருத்தெலும்பை நீக்கிச் செவ்வகமாக வெட்டியதே செயின்ட் லூயிஸ் வெட்டு. என் விருப்பம் அதுதான். எதை வாங்கினாலும், சதைப் பக்கத்தில் எலும்பு வெளியே தெரியும் துண்டைத் தவிர்த்துவிடுங்கள். உறையில் உப்புநீர் சேர்த்தது என்று எழுதியிருந்தால், கீழே சொல்லும் உப்பைப் பாதியாகக் குறையுங்கள்.

சவ்வு

செய்முறைகள் பெரும்பாலும் ‘சவ்வை உரித்துவிடவும்’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் இடம் இது. புதியவர்கள் சிக்கிக்கொள்வதும் இங்கேதான். எலும்புப் பக்கம் திருப்பிப் பார்த்தால் பளபளப்பான மெல்லிய தோல் ஒன்று விலா முழுவதும் இழுத்துப் போர்த்தியிருக்கும். அதை விட்டுவைத்தால் மசாலா அந்தப் பக்கம் ஏறாது. வெந்த பிறகும் பல்லில் தோலாகவே மாட்டும்.

விலாவைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் உரியுங்கள். குளிர்ந்திருக்கும்போது சவ்வு விறைப்பாக இருக்கும், எளிதில் கிழியாது. ஓரத்தில் தொடங்காமல், நடுவிலுள்ள ஓர் எலும்பின் மேல் தொடங்குங்கள். கூரிய கத்தி வேண்டவே வேண்டாம்; அது சவ்வைத் துளைத்துவிடும். தேக்கரண்டியின் காம்பே போதும். அதை எலும்புக்கும் சவ்வுக்கும் இடையே நுழைத்து மெல்ல நெம்பினால் விரல் போகுமளவு இடம் கிடைக்கும். விரலை விட்டுத் தளர்த்தி, சமையலறைக் காகிதத்தால் இறுகப் பிடித்து, நிதானமாக இழுங்கள். வெறுங்கையால் இழுத்தால் வழுக்கும். பாதியில் கிழிந்தால் அடுத்த எலும்பில் மறுபடி தொடங்கலாம்.

சவ்வு போன பிறகு எலும்புகளுக்கிடையே இன்னொரு மெல்லிய படலம் தெரியும். அதைத் தொடாதீர்கள். எலும்புகளைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்.

மசாலா

ஏறக்குறைய ஒரு கிலோ விலாவுக்கு: பழுப்புச் சர்க்கரை 2 மேசைக்கரண்டி, புகையூட்டிய பாப்ரிகா தூள் 1 மேசைக்கரண்டி, உப்பு 2 தேக்கரண்டி, மிளகுத்தூள், பூண்டுத்தூள், கடுகுத்தூள் தலா 1 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் அரைத் தேக்கரண்டி. விலாவின் ஈரத்தை ஒற்றியெடுத்துவிட்டு இரு பக்கமும் பூசுங்கள். இரவு முழுவதும் குளிர்பெட்டியில் வைத்தால் உப்பு உள்ளே இறங்கும். நேரமில்லையென்றால் ஒரு மணி நேரம் போதும்.

ஓவனில்

ஓவனை 135 டிகிரிக்குச் சூடாக்குங்கள். விசிறி ஓடும் ஓவன் என்றால் 120. விலாவை எலும்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து அலுமினியத் தாளில் இரட்டையாகச் சுற்றுங்கள். ஒற்றைத் தாளை எலும்பு முனை குத்திக் கிழித்துவிடும். நீராவி வெளியேறினால் கறி வறண்டுபோகும். உள்ளே தண்ணீரோ பழச்சாறோ ஊற்றத் தேவையில்லை, கறியே போதிய நீர் விடும். முன்கூட்டியே தண்ணீரில் வேகவைக்கும் வழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம், சுவையெல்லாம் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

விளிம்புள்ள தட்டில் வைத்து, பேபி பேக் என்றால் 2 முதல் 2½ மணி நேரம், ஸ்பேர் என்றால் 3 மணி நேரத்துக்குக் குறையாமல் விடுங்கள்.

பிறகு கடிகாரத்தை மறந்துவிட்டுக் கறியைப் பாருங்கள். எலும்பு முனைகளில் சதை ஒரு சென்டிமீட்டரளவு சுருங்கி விலகியிருக்க வேண்டும். பல்குச்சி எலும்புகளுக்கிடையே தடையின்றி இறங்க வேண்டும். ஒரு முனையை இடுக்கியால் தூக்கினால் விலா நன்றாக வளைந்து, மேற்புறம் லேசாக விரிசல் விட வேண்டும். விறைப்பாக நின்றால் மூடி இன்னும் 20 நிமிடம் வையுங்கள். வெப்பமானியை நம்புவதென்றால் முனை எலும்பில் படாமல் குத்துங்கள். பட்டால் தவறான அளவு காட்டும்.

சாஸ்

பார்பிக்யூ சாஸில் சர்க்கரை அதிகம், நீண்ட நேரம் சூட்டில் இருந்தால் கருகிக் கசக்கும். அதனால் அது கடைசியில்தான். தாளைப் பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், நீராவி சுடும். உள்ளே தேங்கிய சாற்றைக் கொட்டாதீர்கள். மேலே மிதக்கும் கொழுப்பை நீக்கிவிட்டு, சாஸுடன் சேர்த்துச் சுண்டவைத்தால் கடைச் சாஸும் வீட்டுச் சாஸாகிவிடும். ஓவனை 200 டிகிரிக்கு ஏற்றி, மெல்லிய பூச்சாக ஒரு முறை பூசி 8 நிமிடம், மறுபடி பூசி 5 நிமிடம். தடிமனாக ஒரே பூச்சு பூசினால் வழிந்துவிடும். 10 நிமிடம் ஆறவிட்டு, எலும்புப் பக்கத்தை மேலே திருப்பி வெட்டுங்கள். எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியும்.

பின்சேர்க்கை

செய்து பார்த்தவர்கள் எழுதிக் கேட்டதில் இரண்டு சிக்கல்களை இங்கேயே சேர்த்துவிடுகிறேன். தாளைப் பிரித்தபோது மசாலா குழைந்து ஈரமாக இருந்தது என்றார்கள். அது இயல்பு. சாஸ் பூசுவதற்கு முன் 15 நிமிடம் திறந்தபடியே ஓவனில் வைத்தால் மேற்பரப்பு உலர்ந்து சாஸ் பிடித்துக்கொள்ளும்.

சிறிய ஓவனில் விலா நுழையவில்லை என்பது அடுத்தது. எலும்புகளுக்கிடையே பாதியாக வெட்டித் தனித்தனியாகச் சுற்றுங்கள். நீளம் பாதியானாலும் தடிமன் மாறவில்லை, அதனால் நேரத்தைக் குறைக்காதீர்கள். சிறிய ஓவன்களில் குமிழ் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. கம்பியில் தொங்கவிடும் ஓவன் வெப்பமானி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இந்தச் சமையலுக்கு விலையுயர்ந்த கத்தியைவிட அதுதான் முதலில் தேவை.