லிவிவ் நகரத்துச் சிங்கம்: கொடி, சின்னம், வரலாறு எழுதும்போது சறுக்கும் இடங்கள்

உக்ரைனின் மேற்கே இருக்கும் லிவிவ் நகரத்தின் சின்னத்தைத் தேடினால் நாலைந்து விதமான சிங்கங்கள் வந்து நிற்கும். அதில் பார்க்க அழகாக இருப்பதை எடுத்துப் போட்டுவிடுவதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் தவறு. இன்றைய சின்னம் 1990-இல் நகர மன்றம் ஏற்றுக்கொண்டது: நீலக் கேடயம், அதில் மூன்று கோபுரங்கள் கொண்ட பொன்னிறக் கோட்டை வாசல், வாசலுக்குள் நடந்துபோகும் பொன்னிறச் சிங்கம். 1990-இல் புதிதாக வரைந்தார்கள் என்றும் எழுதிவிடாதீர்கள், வாசலும் சிங்கமும் 14ஆம் நூற்றாண்டு நகர முத்திரையிலேயே உண்டு.

பாறைமேல் கால் வைத்து ஏறுகிற சிங்கத்தைப் பார்த்தீர்களா? அது நகரத்துடையது அல்ல, லிவிவைச் சுற்றியிருந்த நிலப்பகுதியின் சின்னம், 1410-இல் போலந்தும் லித்துவேனியாவும் ஜெர்மானிய டியூட்டானிக் வீரர்களோடு மோதிய கிருன்வால்ட் போரில் அந்தப் பகுதியின் படை ஏந்திச் சென்ற கொடியில் இருந்தது. முன்னங்கால்களில் மூன்று குன்றையும் ஒரு நட்சத்திரத்தையும் ஏந்திய சிங்கம் வேறு கதை. போப் ஐந்தாம் சிக்ஸ்துஸ் 1586-இல் தன் சொந்தச் சின்னத்தில் இருந்தவற்றையே நகரத்துக்குக் கொடுத்தார், பிறகு 1789-இல் ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் காலத்தில் அந்தச் சிங்கம் கேடயத்துக்கு மேலே ஏறிக்கொண்டது. கேடயத்தோடு ஒரு வீரப்பதக்கச் சிலுவை தெரிந்தால் அது இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட போலந்துக் காலம், அந்த விருது 1920-இல் நகரத்துக்கே வழங்கப்பட்டது. ஆகவே படத்தோடு காலத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

கொடியிலும் ஒரு சிக்கல். உக்ரைனின் நீல மஞ்சள் கொடியின் நடுவில் சிங்கத்தை ஒட்டி அதையே நகரக் கொடி என்கிறார்கள். உண்மையில் அது நீலநிறச் சதுரக் கொடி, அதில் கேடயம் இல்லாமல் வாசலும் சிங்கமும் மட்டும் இருக்கும், ஓரங்களில் நீலமும் மஞ்சளுமாக முக்கோணங்கள் ஓடும். நீள்சதுரமாக இழுத்து வைத்தால் சிங்கம் பாவம், டாக்ஸ்ஹண்ட் நாய் மாதிரி ஆகிவிடும்.

சரி, வரலாற்றுக்கு வருவோம். '1256-இல் நிறுவப்பட்டது' என்று எல்லா இடத்திலும் இருக்கிறது, ஆனால் அது நகரத்தின் பெயர் ஏட்டில் முதன்முதலாக வரும் ஆண்டு. அதுவும் ஹோல்ம் என்ற ஊர் தீப்பிடித்து எரிந்தபோது அந்த வெளிச்சம் லிவிவ் வரை தெரிந்தது என்று போகிற போக்கில் வரும் குறிப்பு. ஊரைக் கட்டியவர் மன்னர் தானிலோ, தன் மகன் லெவ் பெயரை அதற்கு வைத்தார் (லெவ் என்றாலே சிங்கம்தான், சின்னத்தின் காரணமும் அதுவே).

எனக்கு எரிச்சலூட்டும் தவறு இன்னொன்று: உக்ரைன் என்றதும் 'முன்பு ரஷ்யப் பேரரசில் இருந்தது' என்று ஒரு வரியைத் தட்டிவிடுவது. கீவுக்கு அது பொருந்தும். லிவிவோ 14ஆம் நூற்றாண்டில் போலந்து முடியின் கீழ் போனது, 1356-இல் போலந்து மன்னர் மூன்றாம் காசிமிரிடம் மாக்டபர்க் நகர உரிமை (ஜெர்மானிய நகரச் சட்டப்படி தன்னைத்தானே ஆளும் உரிமை) பெற்றது, 1772-இலிருந்து 1918 வரை ஆஸ்திரியாவிடம் இருந்தது, அப்புறம் மறுபடியும் போலந்து. முதல் உலகப் போரில் 1914-15-இல் ரஷ்யப் படை சில மாதங்கள் பிடித்து வைத்திருந்ததை விட்டால், மாஸ்கோவின் ஆட்சி அங்கே வந்தது 1939-இல்தான். பொருளியல் அறிஞர் லுட்விக் ஃபான் மீசஸ் 1881-இல் பிறந்தது ஆஸ்திரியா-ஹங்கேரியில், எழுத்தாளர் ஸ்தனிஸ்வாஃப் லெம் 1921-இல் பிறந்தது போலந்தில், ஊர் என்னவோ இதே ஊர்தான்! இருவரையும் 'உக்ரைன் நாட்டவர்' என்று எழுதுவது நியாயமில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முன் நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் போலந்துக்காரர்கள், மூன்றில் ஒரு பங்கு யூதர்கள். யூதர்களை நாஜிகள் கொன்றார்கள், போலந்துக்காரர்கள் போர் முடிந்ததும் மேற்கே அனுப்பப்பட்டார்கள். இதைச் சொல்லாமல் எழுதும் லிவிவ் வரலாறு பாதிதான்.

கடைசியாக, வண்ண வண்ணமாக ஐந்து கோபுரங்கள் நிற்கும் படம் ஒன்று சுற்றுலாப் பக்கங்களில் அடிக்கடி வரும். அது நகரத்தின் விளம்பர லோகோ. சின்னம் என்று அதைப் போடாதீர்கள்.