போர்ப் படத்துல சிப்பாய மனுசனா காட்டுறது எப்படி

மதுரையில ஷார்ட் ஃபிலிம் எடுக்குற தம்பிங்களா, மிலிட்டரி கதன்னா கேமரா வாடகைக்கு எடுக்குறதுக்கு முன்னாடி திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் ரிட்டயர்டு ஆன ஹவில்தார் ஐயா யாரையாவது போய்ப் பாருங்க, எடுத்த எடுப்புல சண்டையப் பத்தி கேக்காதீங்க, சாப்பாடு, தூக்கம், லீவு கெடைக்காத கோவம் இதெல்லாம் கேளுங்க, மத்தத அவரா சொன்னா சொல்லட்டும்.

நடிக்கிறவங்கள மூட்டையோட நாகமலை அடிவாரத்துல நடக்க விடுங்க. 1986ல வந்த பிளாட்டூன் படத்துக்கு ஷூட்டிங்குக்கு முன்னாடியே காட்டுல டிரெயினிங் குடுத்தாங்க, டைரக்டர் ஆலிவர் ஸ்டோனே வியட்நாம்ல சண்ட போட்டவரு. அந்தச் சோர்வு மேக்கப்ல வராது. நம்ம ராணுவத்தோட இன்சாஸ் ரைஃபிள்ல குண்டு போடுற மேகசின்ல 20 ரவுண்டுதான், எண்ணிச் சுடுங்க.

ஆனா உசுரே மனசாட்சியிலதான் இருக்கு. 1968 மார்ச் 16, வியட்நாம்ல மை லாய் கிராமத்துல அமெரிக்க சிப்பாய்ங்க ஆயுதமே இல்லாத ஜனங்களச் சுட்டாங்க, ஹியூ தாம்சன்னு ஒரு பைலட் ஹெலிகாப்டர சொந்தப் படைக்கும் ஊர்க்காரங்களுக்கும் நடுவுல எறக்குனாரு, நம்மாளுங்க இந்த ஊர்க்காரங்களச் சுட்டா நீங்க நம்மாளுங்களையே சுடுங்கன்னு கூட வந்தவங்ககிட்ட சொன்னாரு. இப்ப யோசிங்க, சுட்டவன் இருக்கான், தடுத்தவன் இருக்கான், ரெண்டும் பண்ணாம நின்னவனும் இருக்கான். அந்த மூணாவது ஆள்கிட்ட கேமராவ வைங்க, எனக்குத் தெரிஞ்சு அவன்தான் கத. அவனுக்கு டயலாக் வேணாம், மியூசிக் வேணவே வேணாம், மறுநாள் காலையில அதே ஆளுங்ககூட டீ குடிக்கிற சீன எழுதுங்க, யார் யார் மொகத்தப் பாக்குறாங்க, யாரு பாக்கலன்னு மட்டும் முடிவு பண்ணுங்க.

டம்மி துப்பாக்கி, யூனிஃபார்மோட வெளியில எடுக்குறீங்கன்னா லோக்கல் ஸ்டேஷன்ல முன்னாடியே எழுதிக் குடுத்து பர்மிஷன் வாங்கிருங்க.