டேட்டா முடிந்த வீட்டிலும் பிரின்டர் ஓடும்

வைபை வேறு, இன்டர்நெட் வேறு. இது விளங்கிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. விசுவமடுவில் எங்கள் வீட்டுக்கு வயர் இணைப்பு கிடையாது. முன்ஜன்னலில் சிம் போட்ட 4ஜி ரவுட்டர்தான். மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துவிடும். அப்போதும் அந்த ரவுட்டர் வீட்டுக்குள் இருக்கிற கொம்பியூட்டர்களை ஒன்றோடொன்று பேச வைத்துக்கொண்டுதான் இருக்கும். முன்னறையில் இருக்கிற கோப்பைப் பின்னறை லப்டொப்பில் திறக்கவோ, அங்கிருந்து இங்கே பிரின்ட் அனுப்பவோ ஒரு எம்பியும் செலவாகாது.

எங்கள் வீட்டு நிலவரம் இதுதான். முன்னறையில் விண்டோஸ் போட்ட டெஸ்க்டொப், அதில் யூஎஸ்பி வயரோடு எப்சன் எல்3110. இந்த மொடலுக்கு வைபை இல்லை. கமக்காரர் அமைப்பின் கடிதங்கள், கூட்டக் குறிப்பு, பசளைப் பெயர்ப் பட்டியல் எல்லாம் நான் அங்கேதான் அடிப்பேன். மனைவி ஆரம்பப் பிரிவு ஆசிரியை, தவணைப் பரீட்சை வந்தால் வினாத்தாள். மகள் உயர்தரம். அவர்கள் இருவரிடமும் லப்டொப். முன்பெல்லாம் பென்ட்ரைவ்தான் நடுவே ஓடித் திரிந்தது. சந்தியில் போட்டோக் கொப்பிக் கடைக்குப் போய்வரும் பென்ட்ரைவ் சும்மா வராது, வைரஸையும் கூட்டிக்கொண்டு வரும்.

உங்கள் பிரின்டரிலேயே வைபை இருந்தால் (எல்3250 போல) அதை நேரே ரவுட்டரோடு இணைத்துவிடுங்கள். கீழே பிரின்டர் பற்றிச் சொல்வது உங்களுக்குத் தேவைப்படாது.

முதலில் ரவுட்டர். எல்லாக் கருவிகளும் ஒரே வைபைப் பெயரில் இருக்க வேண்டும். ஒன்று கெஸ்ட் வைபையில் (வருகிறவர்களுக்காக ரவுட்டர் கொடுக்கிற தனி வைபை) இருந்தால் மற்றதைக் காணாது. சில ரவுட்டர்களில் ஏபி ஐசலேஷன் என்று ஒரு தெரிவு இருக்கும். கருவிகள் ஒன்றையொன்று காணாமல் தடுப்பது அது, ஒன் ஆக இருந்தால் நிறுத்திவிடுங்கள். என் ரவுட்டரின் பக்கத்துக்கு 192.168.8.1 என்று பிரவுசரில் அடித்துப் போகலாம். உங்களுடையதற்கான முகவரி அடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் வைபை பாஸ்வேர்ட் அயலுக்கெல்லாம் தெரியும். ஒன்லைன் வகுப்புக் காலத்தில் வளவுக்குள் பிள்ளைகள் வந்திருந்து படித்த வழக்கம் இன்னும் விடவில்லை. நல்ல விஷயம்தான், நானும் இல்லை என்று சொல்லப்போவதில்லை. ஆனால் கோப்புகளை ஷேர் பண்ணத் தொடங்கினால் அந்த வைபையில் இருக்கிறவர் எல்லோரும் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறவர்தான். ஆகவே பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரவுட்டரில் கெஸ்ட் வைபை வசதி இருந்தால் அதைத் திறந்து அயலுக்கு அதைக் கொடுங்கள். அவர்களுக்கும் படிப்பு நடக்கும், மனைவியின் வினாத்தாளும் பரீட்சைக்கு முதல் வெளியே போகாது.

அப்புறம் பிரின்டர் கொழுவிய கொம்பியூட்டர். அதற்கு ஒரு சின்னப் பெயர் வையுங்கள்: செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட், ரீநேம். ஆங்கில எழுத்தில், இடைவெளி விடாமல். நான் வீடு1 என்று வைத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் செட்டிங்ஸில் வைபைப் பக்கத்துக்குப் போய், நெட்வேர்க் வகையைப் பப்ளிக்கில் இருந்து பிரைவேட்டுக்கு மாற்றுங்கள். பெரும்பாலான வீடுகளில் எல்லாம் சரியாகச் செய்தும் ஓடாமல் நிற்பது இந்த ஒரு புள்ளியால்தான். பிறகு அட்வான்ஸ்ட் ஷேரிங் செட்டிங்ஸ். விண்டோஸ் 11இல் அது அட்வான்ஸ்ட் நெட்வேர்க் செட்டிங்ஸுக்குள், 10இல் கன்ட்ரோல் பனலில். பிரைவேட் பகுதியில் நெட்வேர்க் டிஸ்கவரி, ஃபைல் அன்ட் பிரின்டர் ஷேரிங் இரண்டையும் ஒன் பண்ணுங்கள். பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங் என்பதை ஓஃப் பண்ணச் சொல்லிப் பலர் ஆலோசனை தருவார்கள். வேலை சுலபம்தான், எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்னிலேயே இருக்கட்டும்.

அது ஒன்னில் இருந்தால் மற்ற லப்டொப் உள்ளே வரப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். இங்கேதான் எல்லோரும் தலையைச் சொறிவது. தினமும் கொம்பியூட்டரைத் திறக்க அடிக்கிற நாலு இலக்கப் பின் நம்பர் இதற்குச் செல்லாது. பின் அந்த ஒரு கருவிக்கு மட்டுமானது. கணக்கின் உண்மையான பாஸ்வேர்ட்தான் வேண்டும். மைக்ரோசொஃப்ட் கணக்கின் பாஸ்வேர்ட் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? அதோடு மல்லுக்கட்டாமல், வீடு1இல் அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் போய், மைக்ரோசொஃப்ட் கணக்கு இல்லாத ஒரு பயனரைப் புதிதாக உருவாக்கி ஒரு பாஸ்வேர்ட் கொடுங்கள். அவருக்கு அட்மின் அதிகாரம் தேவையில்லை. வீட்டில் எல்லோரும் உள்ளே வர இந்தப் பெயரையே பாவிக்கலாம்.

இனி போல்டர். முழு சி டிரைவையும் ஷேர் பண்ணாதீர்கள். டி டிரைவில் பொது என்று ஒரு போல்டர் திறந்து, ரைட் கிளிக், புரொப்பர்ட்டீஸ், ஷேரிங், ஷேர். அந்தப் புதுப் பயனரைச் சேர்த்து ரீட்/ரைட் கொடுங்கள். கமக்காரர் அமைப்பின் கணக்குக்கு நான் தனிப் போல்டர் வைத்து ரீட் மட்டும் கொடுத்திருக்கிறேன். பார்க்கலாம், கை வைக்க முடியாது.

லப்டொப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் மேல் பட்டியில் \\வீடு1 என்று (ஆங்கில எழுத்தில்) அடித்து என்டர். பெயர், பாஸ்வேர்ட் கொடுத்து, நினைவில் வைக்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். பொது போல்டர் தெரியும். தெரியாவிட்டால் பெயருக்குப் பதில் வீடு1இன் ஐபி எண்ணை (ரவுட்டர் ஒவ்வொரு கருவிக்கும் கொடுக்கிற முகவரி எண், ரவுட்டர் பக்கத்தில் பார்க்கலாம்) அடித்துப் பாருங்கள். எண்ணில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால், ரவுட்டர் பக்கத்தில் அந்தக் கருவிக்கு அதே எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டு எண்ணாலேயே போய்வரலாம். எஸ்எம்பி 1ஐ (கோப்பு ஷேர் பண்ணும் பழைய முறை) திறந்துவிடு என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கொம்பியூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்ட வொனாக்ரை வைரஸ் அந்த வாசலால்தான் பரவியது.

பிரின்டருக்கு வீடு1இல் பிரின்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ், பிரின்டர் புரொப்பர்ட்டீஸ், ஷேரிங், அங்கே டிக், ஒரு சின்னப் பெயர். லப்டொப்பில் \\வீடு1 திறந்ததும் பொது போல்டருக்குப் பக்கத்தில் பிரின்டரும் நிற்கும். டபுள் கிளிக் பண்ணினால் சேர்ந்துவிடும்.

சேராமல் 11பி என்று முடிகிற எண்ணோடு பிழை வந்தால் பயப்பட வேண்டாம். 2021 செப்டெம்பரில் வந்த பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பிறகு பல வீடுகளில் வருவதுதான். ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புப் பதிவேடு) அந்தப் பாதுகாப்பைக் கழற்றிவிடும் வழியும் உண்டு, வேண்டாம். வேறு பாதை இருக்கிறது. எப்சனின் டிரைவரை (பிரின்டரை இயக்கும் மென்பொருள்) லப்டொப்பிலும் போடுங்கள். பிறகு பிரின்டரைக் கையால் சேர்க்கும் தெரிவில் லோக்கல் பிரின்டர், புதிய போர்ட், லோக்கல் போர்ட் என்று போய், போர்ட்டின் பெயராக \\வீடு1\எப்சன் என்று அடியுங்கள் (எப்சன் என்ற இடத்தில் நீங்கள் வைத்த ஷேர் பெயர்). டிரைவர் பட்டியலில் உங்கள் மொடலைத் தெரிவுசெய்யுங்கள். முடிந்தது.

பாமினி எழுத்துருவில் அடிக்கிறவர்களுக்கு ஒன்று. பிரின்டர் முன்னறையில் இருந்தாலும், கோப்பு எந்த லப்டொப்பில் திறக்கிறதோ அதில்தான் பாமினி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் "அம்மா" என்று அடித்தது ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தாளில் வரும். பொது போல்டருக்குள் பாமினிக் கோப்பையும் போட்டு வைத்தால் எல்லோரும் எடுத்து நிறுவிக்கொள்ளலாம்.

வீடு1 தூங்கினால் பிரின்டரும் தூங்கும். "அப்பா, பிரின்டர் ஒன்லைனோ?" என்று பின்னறையில் இருந்து மகள் கேட்டால் அநேகமாக அதுதான் காரணம். பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை நெவர் ஆக்குங்கள், திரை மட்டும் அணையட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் வந்து வந்து போகும். அப்படிப் போய்வந்த பிறகு அனுப்பிய தாள் வரிசையில் சிக்கி நின்றால், வீடு1இல் ஸ்டார்ட் மெனுவில் சேர்விசஸ் என்று தேடித் திறந்து, பிரின்ட் வரிசையை நடத்துகிற பிரின்ட் ஸ்பூலரை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். இடி முழங்கினால் பிளக்கையே கழற்றுங்கள்.

போனில் இருந்தும் பொது போல்டரைப் பார்க்கலாம். ஐபோனில் ஃபைல்ஸ் செயலியில் கனெக்ட் டு சேர்வர். அண்ட்ரொய்டில் சிஎக்ஸ் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் போன்ற ஒன்றை இறக்கி, நெட்வேர்க் பகுதியில் ஐபி எண்ணையும் அதே பயனர் பெயரையும் கொடுங்கள். போனில் இருந்து நேரே இந்தப் பிரின்டருக்கு அனுப்ப முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம். வட்ஸ்அப்பில் வந்த படிவத்தைப் பொது போல்டரில் போட்டுவிட்டு, முன்னறையில் இருக்கிறவரை அடித்துத் தரச் சொல்லுங்கள்.