நாய்க்கு ஒவ்வாத உணவைக் கண்டறிதல்

நாய் ஓயாமல் சொறிந்தாலோ அதன் காதுகளில் அடிக்கடி புண் வந்தாலோ, உணவைக் குறை கூறுமுன் தெள்ளையும் உண்ணியையும் ஒழித்துப் பார்க்க வேண்டும்; அரிப்புக்குப் பல வேளைகளில் காரணம் அவைதான். அதன் பிறகும் அரிப்பு நீடித்தால், இதுவரை அது தின்றிராத ஓர் இறைச்சியையும் ஒரு மாப்பொருளையும் மட்டுமே 8 வாரங்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது, இரத்தப் பரிசோதனையைவிட நம்பத்தக்க வழியாகும்.

தோட்டப்புறங்களில் கோழிக் கழிவும் ரொட்டியும் தின்று வளர்ந்த நாய்க்கு, கொழுப்பு நீக்கி நன்றாக அவித்த பன்றி இறைச்சியை நுவரெலியா உருளைக்கிழங்குடன் உப்பின்றிக் கொடுக்கலாம். முள் நீக்கிய மீனும் பொருந்தும். ஆனால் நெத்தலிக் கருவாட்டுக்குப் பழகிய நாய்க்கு அது உதவாது. மிச்சக் கறியை ஊற்றவே கூடாது, ஏனெனில் வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சாகும். பக்கத்து வீட்டார் அன்போடு போடும் ஒரு பிஸ்கட், தேநீருக்கு வைத்த பாலில் ஒரு வாய், இறைச்சிச் சுவையூட்டிய பூச்சி மாத்திரை ஆகியவற்றில் எதுவும் சோதனையைக் கெடுத்துவிடும்.

அரிப்புத் தணிந்ததும் பழைய உணவுகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரங்களுக்குள் எதனால் அரிப்பு மீள்கிறதோ அதுவே ஒவ்வாதது. இச்சோதனை உணவில் கல்சியம் போதாது என்பதால், குட்டிகளுக்கு மிருக வைத்தியரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம்.