உபின் தீவுக்குக் கயாக்கில் கூட்டமாகப் போகிறீர்களா?

சிங்கப்பூரில் நீண்ட வார இறுதி வந்தால் நண்பர்கள் கூட்டமாகச் சேர்ந்து உபின் பக்கம் கயாக்கில், அதாவது துடுப்பு வலித்து ஓட்டும் சிறு படகில், போவது வழக்கமாகிவிட்டது. பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் தானாக ஒரு தைரியம் வரும். எனக்குக் கவலை தருவதே அந்தத் தைரியம்தான். இத்தனை பேர் இருக்கிறோமே, யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஆளாளுக்கு நினைத்துவிட்டால், கடைசியில் ஓத நேரத்தை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரத்தைக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிளம்பும் நேரத்தைப் பசியாறுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள், ஓத அட்டவணையை வைத்து முடிவு செய்யுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 3 மீட்டரை நெருங்கும். அன்று நீரோட்டமும் வேகமாக இருக்கும். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் மணிக்கு சுமார் 4 கி.மீ. போவார். எதிரே தண்ணீர் 3 கி.மீ. வேகத்தில் ஓடினால் மிஞ்சுவது 1 கி.மீ.தான். கரையில் ஒரு மரத்தைக் குறி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் வலித்த பிறகும் அது கொஞ்சம்தான் நகர்ந்திருக்கும். கை ஓய்ந்த மதிய நேரத்தில் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது. திரும்பும்போது ஓட்டம் நம் பக்கம் இருக்க வேண்டும்.

உபினுக்குப் பக்கத்திலுள்ள கேத்தாம் தீவை ஒட்டிய அலையாத்திக் காட்டுக்குள் நுழைவதற்கும் இதே கணக்குதான். வற்றத்தில் அங்கே சேறுதான் மிஞ்சும். இறங்கித் தள்ளலாம் என்று வெறுங்காலோடு இறங்கினால் வேரில் ஒட்டிய சிப்பி பாதத்தைக் கிழித்துவிடும். சேற்றில் திருக்கையும் படுத்திருக்கலாம். பழைய ஷூ ஒன்றைக் கயிறு இறுக்கிப் போட்டுக்கொள்ளுங்கள். செருப்பைச் சேறு பிடித்துக்கொள்ளும்.

கூட்டம் சிதறுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. வேகமானவர்கள் முன்னால் போய், நின்று, தண்ணீர் குடித்து, படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். கடைசிப் படகு மூச்சு வாங்கியபடி வந்து சேர்ந்ததும், "சரி, எல்லாரும் வந்தாச்சு, போகலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. மூன்றாவது நிறுத்தத்தில் அவர் பேச்சே நின்றுவிடும். அப்புறம் துடுப்பும் நிற்கும். மெதுவான படகை முன்னால் விடுங்கள். அனுபவசாலி ஒருவர் எப்போதும் கடைசியில் வரட்டும். இரட்டை இருக்கைப் படகில் வலுவானவரோடு புதியவரை உட்கார வையுங்கள். விசில் சத்தம் கேட்கும் தூரத்தைத் தாண்டி யாரும் போகக் கூடாது.

சாங்கி பக்கமிருந்து உபினுக்குக் குறுக்கே கடக்கும்போது இது இன்னும் முக்கியம். அங்கே பம்போட்டுகளும் (ஆள்களை ஏற்றிச் செல்லும் சிறு விசைப்படகுகள்) சரக்குப் படகுகளும் போய்வரும். கயாக் தண்ணீரோடு தண்ணீராகக் கிடப்பதால் அவர்கள் கண்ணில் படாது. நெருக்கமாகச் சேர்ந்து, நேர்குறுக்கே, சீக்கிரம் கடந்துவிட வேண்டும். இழுவைப் படகு ஒன்று முன்னால் போய், வெகுதூரம் தள்ளி அது இழுத்துவரும் தட்டையான சரக்குப் படகு, அதாவது பார்ஜ், வந்தால், நடுவில் வழி இருப்பதுபோலத் தோன்றும். அந்த இடைவெளிக்குள் போகவே கூடாது. இரண்டையும் பிணைக்கும் கனத்த கயிறு தண்ணீருக்கடியில் தொய்ந்து கிடக்கும், சட்டென்று விறைத்து மேலே வரும். பார்ஜும் நின்று வழி விடாது. அது முழுக்கக் கடக்கும்வரை காத்திருங்கள்.

தீவின் வடக்குப் பக்கம் ஜொகூர் நீரிணை. எல்லைக்கோடு தண்ணீரில்தான் ஓடுகிறது. வேடிக்கை பார்த்துக்கொண்டே மலேசியப் பக்கம் மிதந்துவிடாதீர்கள். உயிர்காப்பு அங்கியின் கொக்கிகளை வெயிலுக்காகக் கழற்றாதீர்கள். கவிழ்ந்தால் தலைக்கு மேல் உருவிக்கொண்டு போய்விடும். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீராவது வேண்டும்.

அப்புறம், சுமத்ரா காற்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னிருந்து மதியத்துக்குள், மேற்கிலிருந்து வரும். வானத்தில் கரிய மேகம் ஒரே கோடாகத் தெரியும். சட்டென்று குளிர்ந்த காற்று முகத்தில் படும். பிறகு மணிக்கு 40 முதல் 80 கி.மீ. வேகத்தில் வீசும், மின்னலும் கூடவே வரும். அந்தக் குளிர்ச்சியை ரசிக்க நேரமில்லை. திட்டமிட்ட இடத்தை மறந்துவிட்டு, பக்கத்தில் எந்தக் கரை இருக்கிறதோ அங்கே எல்லோரும் சேர்ந்து ஏறுங்கள். கரையேற வழியில்லையென்றால் கயாக்குகளை ஒன்றோடொன்று ஒட்டி, பக்கத்துப் படகை இரு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். யாராவது கவிழ்ந்தால், அவர் தன் படகை விடாமல் பிடித்திருக்க, நீங்கள் அவரிடம் போங்கள்.